பிறருக்காக வேண்டுவோர்

தனக்கு ஒரு துன்பம் நேர்ந்தவிடத்து இறைவனை அழைத்தல் மனித இயற்கை. தன் மனைவி மக்களுக்காகவும் தன் உடன்பிறந்தோருக்காகவும் வேண்டுதலும் அவ்வியற்கையின்பாற்பட்டதே. ஆனால், உறவினரும் அல்லாத, உடன் வாழ்பவரும் அல்லாத ஒருவருக்காக, எவரும் ஏவாமல், எவ்வகை ஊதியமும் கருதாமல், 'இன்று முதல் இவருக்காக நாள்தோறும் நான் வேண்டுவேன்' என்று முன்வந்து பொறுப்பேற்றல் ஒரு பணியாகும். கத்தோலிக்கத் திருச்சபையின் பங்குகளில், அதாவது ஒரு கோவிலையும் ஒரு குருவையும் நடுவாகக் கொண்டு அமைந்த ஊர்ச் சபைகளில், இப்பணி நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. அதன் வரலாற்றைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பல சமயத்தாரும் உளர். அங்ஙனமிருக்க, ஒரு சமயத்தாரின் வழக்கத்தைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். காரணம் இரண்டு உண்டு. இவ்வழக்கத்தின் வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும், நாம் வாழும் இத்தீவுகளுக்கும் பெரும்பாலோர் அறியாத ஓரிடம் இருக்கிறது என்பது ஒன்று. கடலால் பிரிந்து வாழும் மக்கள் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று அவ்வரலாற்றில் பொதிந்திருக்கிறது என்பது மற்றொன்று. போக வேண்டிய இடத்துக்குப் போக இயலாதவர்கள், இருந்த இடத்தில் இருந்தே செய்த பணியின் கதை இது. சென்னைக் கப்பல் வரும் நாளை எண்ணிக் காத்திருந்து பழகிய நமக்கு அக்கதை விளங்காமற் போகாது.

முத்துக்குளித்துறைச் சிறுவர்

தமிழகத்தில் இப்பணியைத் தோளில் சுமந்தவர்களாக எழுத்துச் சான்றோடு முதலில் நாம் காண்பது பெரியவர்களை அன்று, சிறுவர்களைத்தான். 1535-ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்திரளாகக் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினர். ஆயினும் அவர்களுக்குச் சமயம் கற்பிப்பார் அங்கு அரியர். 1542-ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் வந்திறங்கிய சேசு சபைக் குரு அர்ச். பிரான்சிஸ் சவேரியார், அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் இக்கடற்கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தோரைக் கூட்டி வைத்துக்கொண்டு, விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், அருள்நிறை மந்திரம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றை அரிதின் முயன்று தமிழாக்குவித்தார். பின்பு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாய்ச் சென்று, பிள்ளைகளையும் பெரியோரையும் கூட்டி, அவற்றை வாய்ப்பாடமாகக் கற்பித்தார்.

1544-ஆம் ஆண்டு சனவரி மாதம் 15-ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமையில் இருந்த தம் தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதம் புகழ் பெற்றது. ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கைகள் சோர்ந்துபோன செய்தி அதில்தான் வருகின்றது. ஆனால் அதே கடிதத்தில் வேறொரு செய்தியும் இருக்கிறது. நோயுற்றோர் வீடுகளிலிருந்து 'வந்து எங்களுக்காகச் செபியுங்கள்' என்ற அழைப்பு ஓயாமல் வந்தது. கடற்கரை நெடுகிலும் சிதறிக் கிடந்த ஊர்களுக்கு ஒரே ஒரு குரு எங்ஙனம் ஓடுவார்? ஆகவே, மந்திரங்களை நன்கு கற்றிருந்த சிறுவர்களை அவர் நோயாளர் வீடுகளுக்கு அனுப்பினார். அச்சிறுவர் அவ்வீட்டாரையும் அண்டை அயலாரையும் ஒன்றுகூட்டி, விசுவாசப் பிரமாணத்தைப் பலமுறை அனைவரும் சேர்ந்து சொல்லச் செய்து, நோயாளிக்கு நம்பிக்கையூட்டி, ஏனைய செபங்களையும் சொல்லி வேண்டினர்.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்று. குரு வர இயலாத குறையை நிறைக்க வந்தவர்கள் அப்பிள்ளைகள். ஊர்களில் செபம் கற்பிக்கவும் கோவிலைக் காக்கவும் கணக்கப்பிள்ளைமார் எனப்பட்டோரைச் சவேரியார் நியமித்தார். அவர்களுக்கு ஊதியம் உண்டு. போர்த்துக்கல் அரசியின் பாதணிச் செலவுக்கென இக்கடற்கரையிலிருந்து ஆண்டுதோறும் சென்ற 4,000 பணத்தைக் கேட்டுப் பெற்று, இதற்கு அவர் பயன்படுத்தினார் என்பது வரலாறு. ஆனால் நோயாளர் வீடு தேடிச் சென்ற சிறுவர் ஊதியக் கணக்கில் வருபவர் அல்லர். இரண்டாவதாக, அவர்கள் தங்கள் வீட்டில் இருந்தபடியே வேண்டினாரில்லை. நோயாளி கிடந்த பாயருகே சென்று, அயலாரை அழைத்து நிறுத்தி வேண்டினர். துன்புறுவோனைத் தனியே விடாமை அவர்கள் செய்த செபத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

சவேரியாருக்குப் பின் இக்கரையில் நெடுங்காலம் பணியாற்றிய ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியார் தமிழை முறையாகக் கற்றார். அவர் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கம் கொண்ட அந்நூலே இந்திய மொழி எழுத்தில் இந்நாட்டில் அச்சேறிய நூல்களில் இன்று கிடைக்கும் மிகப் பழையது. அடுத்த ஆண்டு 'கிரீசித்தியானி வணக்கம்' கொச்சியில் வெளிவந்தது. தமிழ் அச்சுக்கலையின் தோற்றத்தைப் பாராட்டும் நாம், அத்தமிழ் எழுத்துக்கள் முதலில் எதற்காக வார்க்கப்பட்டன என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். குரு இல்லாத இடத்திலும் சமயம் கற்கவும் செபம் சொல்லவும் உதவிய சிறு நூல்கள் அவை.

லியோன் நகரின் பதினைவர்

இனி வரலாறு நம்மைப் பிரான்சு நாட்டுக்கு அழைத்துச் செல்கின்றது. அங்குச் சென்றாலும் தமிழகத்தை விட்டு நாம் நீங்கப் போவதில்லை என்பதைச் சற்றுப் பின்னர் அன்பர்கள் காண்பார்கள்.

லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் பேர் பெற்றது. அங்கு வாழ்ந்த பவுலின் ஜரிக்கோ என்ற இளம்பெண், வாரத்துக்கு ஒரு செப்புக் காசும் நாள்தோறும் ஒரு செபமும் தருவோரைப் பத்துப் பத்துப் பேராகத் திரட்டி, தொலைநாடுகளில் வேதம் போதிப்போருக்கு உதவினார். 1822-இல் தோன்றிய வேத பரவுதல் சபைக்கு இதுவே அடிப்படையாயிற்று. 1826-ஆம் ஆண்டில் அவர் மற்றொரு முறையை வகுத்தார். கத்தோலிக்கரின் செபமாலையில் அந்நாளில் பதினைந்து தேவ இரகசியங்கள் இருந்தன. முழுமையும் நாள்தோறும் சொல்ல உழைக்கும் மக்களுக்கு நேரம் ஏது? எனவே பதினைந்து பேரை ஒரு குழுவாக்கி, ஆளுக்கு ஓர் இரகசியத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார். ஒவ்வொருவரும் பத்து மணிகளே சொல்ல வேண்டும். பதினைவரும் சொன்னால் முழுமாலை நிறைவுறும். இதற்கு 'வாழும் செபமாலை' என்று பெயர்.

இம்முறையின் நுட்பம் எளியது; ஆனால் ஆழமானது. ஒருவர் தவறினால் மாலையில் ஒரு கண்ணி அறுகின்றது. தம் பத்து மணியைச் சொல்லும் நெசவுத் தொழிலாளி, தமக்குத் தெரியாத பதினால்வரோடு கட்டுண்டிருப்பதை உணர்கின்றார். பெருங்காரியத்தைச் சிறு கூறுகளாக்கி எளியோர் கையில் கொடுத்த பெருமை அவ்வம்மையாருக்கு உரியது. 1862-இல் வறுமையில் உயிர் நீத்த அவருக்கு, 2022-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் அதே லியோன் நகரில் முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டது.

மதுரைக்காக ஏங்கிய மாணவர்

இப்போது மதுரைக்கு வருவோம். 1606-இல் தத்துவ போதகர் தொடங்கி வைத்ததும், அர்ச். அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்தியதும், வீரமாமுனிவர் தமிழ் வளர்த்ததுமாகிய மதுரைப் பணித்தளம், 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டபின் குருமார் குறைந்து மெலிந்தது. பல ஊர்களில் உபதேசியார்களும் குடும்பத்துத் தாய்மாரும் சொல்லிக் கொடுத்த செபங்களே சமய வாழ்வைத் தாங்கி நின்றன. 1814-இல் சேசு சபை மீண்டும் நிறுவப்பட்டது. 1830-களின் இறுதியில் பிரெஞ்சு சேசு சபைக் குருமார் மதுரைப் பணித்தளத்துக்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. வந்தோருள் பலர் சில ஆண்டுகளுக்குள்ளாகவே நோய்க்கு இரையாகி, இளவயதில் மாண்டு போயினர். எஞ்சியோர் எழுதிய கடிதங்கள் பிரான்சு நாட்டுக் குருமடங்களில் படிக்கப்பட்டன.

அக்குருமடங்களுள் ஒன்று, லெ பியூயி நகருக்கு அருகே வால்ஸ் என்னும் ஊரில் இருந்தது. அங்குப் பயின்ற சேசு சபை மாணவர்கள், மதுரை முதலிய தொலைநாட்டுப் பணித்தளங்களுக்கு உடனே புறப்பட வேண்டும் என்று துடித்தனர். பாடப் புத்தகத்தில் மனம் செல்லவில்லை. இன்னும் பல ஆண்டு படித்தாக வேண்டும் என்ற எண்ணமே அவர்களை வாட்டிற்று. அவர்களுக்கு ஆன்ம வழிகாட்டியாயிருந்த பிரான்சிஸ் சேவியர் கோத்ரலே என்ற குரு, 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், சவேரியார் திருநாளன்று, அவர்களிடையே உரையாற்றினார். அவர் கூறியதன் சாரம் இதுவே: நீங்கள் போதகராக ஆவதற்குக் கப்பலேற வேண்டியதில்லை, இன்றைக்கே ஆகலாம். செபத்தையும், படிப்பையும், நாள்தோறும் செய்யும் சிறு கடமைகளையும், படும் சிறு துன்பங்களையும் தொலைவில் உழைப்போருக்காக ஒப்புக்கொடுங்கள்.

மாணவர்கள் அதை ஏற்றனர். விடுமுறை நாட்களில் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குச் சென்றவர்கள் உழவர் குடும்பங்களுக்கும் அதனைக் கற்பித்தனர். அதுவே 'செப அப்போஸ்தலர் சபை' என்று உலகெங்கும் பரவிய அமைப்பின் தோற்றம். ஹென்றி ராமியேர் என்ற சேசு சபைக் குரு அதற்கு ஒழுங்கமைப்பும் நூலும் தந்து, 1861-இல் 'திரு இருதயத் தூதன்' என்ற மாத இதழையும் தொடங்கினார். அதே பெயர் தாங்கிய இதழ்கள் பல மொழிகளில் தோன்றின, தமிழிலும் தோன்றிற்று. காலையில் அன்றைய நாளை முழுவதும் ஒப்புக்கொடுக்கும் ஒரு செபம். பாப்பரசர் மாதந்தோறும் அறிவிக்கும் கருத்துக்காக ஒரு பத்து மணி. இவையே உறுப்பினரின் கடமைகள். 2018-ஆம் ஆண்டில் பாப்பரசர் பிரான்சிஸ் இச்சபையைத் தம் நேரடிப் பொறுப்பில் உள்ள உலகச் செப அமைப்பாக உயர்த்தினார்.

கடல் கடந்து தமிழகத்துக்கு வர இயலாது ஏங்கிய இளைஞர்களின் ஏக்கமே பல்லாயிரம் பங்குகளில் ஓர் இயக்கமாக வளர்ந்தது என்பதை நம்மவர் எத்தனை பேர் அறிவர்? நம் மதுரைச் சீமையின் வெயிலும், காய்ச்சலும், அங்கு வீழ்ந்த இளம் குருமாரின் கல்லறைகளும் அவ்வியக்கத்தின் பிறப்பில் பங்கு கொண்டுள்ளன.

இதே சபையில் 1885-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி பெயர் பதிந்துகொண்டாள். அவளே பிற்காலத்தில் லிசியே நகர்க் கார்மேல் மடத்தில் சேர்ந்த சிறுமலர் தெரேசம்மாள். மடத்தின் மதிலைத் தாண்டி அவர் எந்நாட்டுக்கும் வேதம் போதிக்கச் சென்றவர் அல்லர். ஆனால் சீனத்துக்குச் சென்ற ஒரு குருவுக்காகவும், ஆப்பிரிக்காவுக்குப் போக இருந்த ஒரு குருமாணவருக்காகவும் வேண்டும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களுக்குக் கடிதம் எழுதினார். தம் நோயின் வேதனையையும் அவர்களுக்காகவே ஒப்புக்கொடுத்தார். 1897-இல் இருபத்து நான்கு வயதில் இறந்தார். 1927-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் திருச்சபை அவரைச் சவேரியாரோடு ஒப்ப வேதபோதக நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தது. ஆயிரக்கணக்கான கல் தொலைவு கடலில் அலைந்தவரும், ஒரு மதிலுக்குள் அடங்கி வாழ்ந்தவரும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டமை, இப்பணிக்குத் திருச்சபை கொடுத்த மதிப்பைக் காட்டும்.

நிக்கோபார்க் கரையில்

இனி நம் தீவுகளின் பக்கம் திரும்புவோம். நிக்கோபார்த் தீவுகளுக்கு வேதம் போதிக்க 1711-இல் பிரெஞ்சு சேசு சபைக் குருமார் இருவர் வந்தனர். அவர்கள் அங்கேயே உயிரிழந்தனர். அவர்களுக்குப் பின் வந்தோருள் தமிழகத்தோடு நெருங்கிய தொடர்புடையவர் மொராவியர் எனப்படும் சீர்திருத்தச் சபையார். கத்தோலிக்கர் அல்லராயினும், அவர்களை இங்குக் குறிப்பிடாமல் விடுதல் முறையன்று. ஏனெனில், செருமனியின் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் 1727-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், அச்சபையின் ஆடவர் 24 பேரும் பெண்டிர் 24 பேரும் முன்வந்து, பகலும் இரவும் ஒவ்வொரு மணி நேரத்தையும் தமக்குள் பகிர்ந்துகொண்டு, இடையறாது பிறருக்காக வேண்டும் பொறுப்பை ஏற்றனர். அவ்வேண்டுதல் சங்கிலி நூறாண்டுக்கு மேல் அறாமல் நீடித்தது.

அச்சபையார் 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறினர். 1768-இல் அங்கிருந்து நன்கௌரித் தீவுக்குச் சென்றனர். காய்ச்சல் அவர்களை ஒருவர் பின் ஒருவராக வீழ்த்திற்று. 1787-இல் எஞ்சியோர் திரும்பினர். வெளிப்பார்வைக்கு அது தோல்வியே. ஆயினும், தொலைவில் ஓர் ஊரில் நள்ளிரவில் எழுந்து வேண்டிய ஒருவரும், சோழநாட்டுக் கடற்கரையும், நன்கௌரித் துறைமுகமும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருந்த காலம் அது என்பதை நாம் மறக்கலாகாது.

தீவுகளின் பங்குகள்

அந்தமானில் 1858-இல் கைதிகள் குடியேற்றம் அமைந்தது. 1918 முதல் காட்டு வேலைக்காகச் சோட்டா நாகபுரியிலிருந்து ராஞ்சித் தொழிலாளர் வந்தனர். அவருள் கத்தோலிக்கர் மிகப் பலர். விடுதலைக்குப் பின் வங்காளத்தாரும், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழரும், தெலுங்கரும், மலையாளத்தாரும் குடியேறினர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 1966-இல் கோவாவின் பிலார் சபைக் குருமார் இங்குப் பணியாற்ற வந்தனர். அதுவரை ராஞ்சி உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்த தீவுகள் 1984-ஆம் ஆண்டு சூன் 22-ஆம் நாள் போர்ட் பிளேர் மறைமாவட்டமாயின. அதன் முதல் ஆயர் அலெக்ஸ் டயஸ். 2021 முதல் ஆயர் விசுவாசம் செல்வராஜ் அப்பொறுப்பை வகிக்கின்றார். 2024-இல் நகருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று அரசு புதுப்பெயர் சூட்டியது.

நம் சொந்த ஊர்களில் ஒருவர் இறந்தால் கோவிலில் துக்கமணி ஒலிக்கும். மணியோசை கேட்டவர் கை வேலையைப் போட்டுவிட்டு வருவர். சென்னையிலிருந்து ஆயிரம் கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில், கப்பலில் மூன்று நாள் வழியில் உள்ள நமக்கு அம்மணியோசை கேளாது. தந்தி வந்த காலத்தில், தந்தி கையில் கிடைக்கும்போதே அடக்கம் முடிந்திருக்கும். 2013-இல் தந்தி முறை ஒழிந்தது. இப்போது செய்தி நொடியில் வருகின்றது. ஆனால் செய்தி விரைவதுபோல் நம் கால்கள் விரைவதில்லை. விமானச் சீட்டின் விலையும், அடைமழைக் காலத்துக் கடலும், வேலையில் விடுப்பும் குறுக்கே நிற்கின்றன.

இந்நிலையில் கத்தோலிக்கத் தமிழர் என் செய்கின்றனர்? பங்குக் குருவிடம் சென்று, இறந்தவர் பெயரால் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கக் கேட்கின்றனர். அப்பூசைக்கு இறந்தவரை அறியாத அயலாரும் வருகின்றனர். இறந்தவரின் ஊரும் பெயரும் தெரியாத ராஞ்சிக் கிழவரும் நிக்கோபாரியரும் பக்கத்தில் முழந்தாளிட்டு வேண்டக்கூடும். 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டுச் சட்டம், பூசையில் பிறருக்கான பொது மன்றாட்டை மீண்டும் நிறுவியது. தாய்மொழிக்கும் இடம் தந்தது. அதனால் முன்பு இலத்தீன் மட்டுமே ஒலித்த பூசையில், பங்கு மக்களே எழுந்து நின்று, தம் மொழியில் நோயாளருக்காகவும் இறந்தோருக்காகவும் மன்றாடலாயினர். 

இப்பணிக்கு வேறு அமைப்புகளும் உண்டு. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் டப்ளின் நகரில் பிராங்க் டஃப் என்பவர் தொடங்கிய மரியாயின் சேனை, தமிழகப் பங்குகளில் பெரிதும் வேரூன்றியது. அதன் உறுப்பினர் வாரந்தோறும் நோயாளரையும் துயருற்றோரையும் நேரில் சென்று காண்பர். நடமாட இயலாத முதியோரும், வீட்டை விட்டு அகல முடியாத தாய்மாரும் துணை உறுப்பினராகி, அவர்களுக்காக நாள்தோறும் செபமாலை சொல்வர். ஒருவர் நடக்கின்றார், மற்றொருவர் அந்நடைக்காக வேண்டுகின்றார். தமிழக மறைமாவட்டங்களில் 'அன்பியம்' என்ற பெயரில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி, அவ்வீட்டின் தேவைக்காக வேண்டும் வழக்கமும் பரவியுள்ளது.

கடல் பொங்கிய நாள்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளை நாம் விவரிக்க வேண்டியதில்லை. கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கார் நிக்கோபாரும் கச்சாலும் நன்கௌரியும் பெரிய நிக்கோபாரும் கடலுக்கு இரையாயின. அரசின் கணக்குப்படி இறந்தோரும் காணாமற் போனோருமாக இத்தீவுகளில் 3,500 பேருக்கு மேல் இழந்தோம். கச்சாலில் இரப்பர்த் தோட்டம் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்களுள் பல சிதைந்தன. அதே காலையில் வேளாங்கண்ணியில் திருயாத்திரை வந்தோர் பலரைக் கடல் கொண்டுபோயிற்று. நம் தீவும் நம் தாய்மண்ணும் ஒரே நேரத்தில் அழுத நாள் அது.

இறந்தோரைவிடக் காணாமற் போனோரை நினைத்தலே கொடிது. உடல் கிடைத்தால் அடக்கம் செய்து, மண் அள்ளிப் போட்டு, கல் நாட்டலாம். உடல் கிடையாதவருக்கு எங்கே போய் விளக்கேற்றுவது? கத்தோலிக்கத் திருச்சபையில் நவம்பர் 2-ஆம் நாள் இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள். அன்று கல்லறை மந்திரிக்கும்போது கல்லறை உள்ளோருக்காக மட்டுமன்றி, கல்லறை இல்லாதோருக்காகவும், தமக்கென வேண்ட உற்றார் எவரும் எஞ்சாதோருக்காகவும் மன்றாடுதல் மரபு. குடும்பம் முழுவதும் கடலில் போயிருந்தால் அவர்களுக்காக வேண்ட உரியவர் யார்? உறவு முறை கேளாமல் முன்வரும் ஒருவரே. இப்பணியின் தேவையை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

நாம் கொள்ளத்தக்கது

வரலாற்றைக் கூறி அதன் பயனைக் கூறாது விடுதல் அழகன்று. பிறருக்காக வேண்டுதலுக்கு உள்ள இரண்டு இடர்களை ஈண்டுச் சுட்டுவோம். 'வேண்டிவிட்டோம்' என்ற மனநிறைவு, செய்யத்தக்க உதவியைச் செய்யாமல் விடுவதற்குச் சாக்காகிவிடுதல் முதலாவது. பக்கத்து வீட்டில் காய்ச்சலாய்க் கிடப்பவருக்குச் செபமாலையும் வேண்டும், கஞ்சியும் வேண்டும். முத்துக்குளித்துறைச் சிறுவர் நோயாளியின் வீட்டு வாயிலை மிதித்த பின்பே வேண்டினர். மரியாயின் சேனை கால்களையும் கைகளையும் செபத்தோடு பிணைத்தே நிறுத்தியது. இவ்வரலாற்றில் தொலைவிலிருந்து வேண்டியவர் எல்லாரும் நேரில் செல்ல இயலாதவரே. செல்ல மனமில்லாதவர் அல்லர்.

இரண்டாவது இடர், நம்மைப் போன்ற சிறு குடியிருப்புகளில் பெரிது. வேண்டுதலின் பெயரால் ஒருவருடைய நோயும், குடும்பப் பூசலும், கடனும், மகளின் திருமணத் தடையும் ஊர்ப்பேச்சாகிவிடுதல் உண்டு. எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடத்தில், உரக்கச் சொன்ன ஒரு பெயர் ஒரு குடும்பத்தின் மானத்தைக் குலைத்துவிடும். ஆகவே, ஒருவருக்காகப் பலர் முன்னிலையில் வேண்டுமுன் அவரிடம் இசைவு கேட்டல் கடமை. கேட்க இயலாதபோது பெயரைச் சொல்லாமல் வேண்டுதல் பண்பு. வால்ஸ் மாணவர் ஒப்புக்கொடுத்த சிறு துன்பங்களை எவரும் பட்டியலிட்டாரில்லை. ஹெர்ன்ஹூட்டில் நள்ளிரவில் எழுந்தவரின் மன்றாட்டும் மறுநாள் சந்தைக்கு வந்ததில்லை. மறைவாகச் செய்யப்படுதலே இப்பணிக்கு வலிமை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். பதினைந்து பேருக்குப் பத்துப் பத்து மணியாகப் பகிர்ந்து கொடுத்த லியோன் நகர்ப் பெண்ணின் முறை, எந்தச் சமயத்தாருக்கும் பொருந்தும். நம் குடியிருப்பில் உள்ள ஒவ்வொரு முதியவருக்கும், தனியே வாழும் ஒவ்வொருவருக்கும், ஒரு வீடு பொறுப்பேற்கலாம். வேண்டுவோர் தம் தம் தெய்வத்தை வேண்டுக. நாளுக்கு ஒருமுறை அவர் பெயரை நினைக்க. வாரத்துக்கு ஒருமுறை அவர் வாயிலில் நின்று நலம் வினவுக. ஒருவர் பெயரை நாள்தோறும் கடவுள் முன்னிலையில் சொல்பவர், தெருவில் அவரைக் கண்டும் காணாதவர்போல் செல்ல மாட்டார். இது சமயம் கடந்த உண்மை.

நானூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பு, குரு வர முடியாத வீடுகளுக்கு, எழுத்தறியாத சிறுவர் சிலர் மனப்பாடம் செய்த தமிழ்ச் சொற்களைச் சுமந்து சென்றனர். நம் முன்னோரும் கப்பலேறியபோது அதே தமிழைச் சுமந்துதான் இத்தீவுகளுக்கு வந்தனர். அத்தமிழ் கூட்டம் கூடிப் பேசவும் பாடவும் விழாக் கொண்டாடவும் பயன்படுவது சிறப்பே. அயலான் துயருற்ற வேளையில் அவனுக்காகத் தாழ்ந்த குரலில் வேண்டவும் அது பயன்படுமாயின், அத்தமிழுக்கு அதனினும் பெருஞ்சிறப்பு வேறில்லை. அத்தகைய குரல்கள் நம் இல்லங்கள்தோறும் பெருகுவனவாக.